கழுவி வைத்த தூக்குச்சட்டி

ஏழு வருஷக் குடித்தனத்தில் அம்மாசி ஒருநாள்கூடத் தான் தின்ற சட்டியைக் கழுவி வைத்தவனில்லை. தின்ற இடத்திலேயே அதைத் தள்ளிவிட்டு, அதே கையோடு பீடியைத் தேடுகிற ஆள். அதனால்தான் ஊற்றங்கரைப் பலகையின் மேல் தூக்குச்சட்டி தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தபோது அழகம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

கஷ்டகாலம் மனுஷனுக்குப் புத்தி கொடுத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முந்தின நாள் அதில் கருவாடு வைத்திருந்தாள். அந்த வாசம் துளிகூட இல்லை. பச்சை மண்ணும் அழுகிய இலையும் கலந்த ஊற்றுத் தண்ணீரின் வாசம்தான் அடித்தது.

அம்மாசி சதுப்புக்குள் ஒளிந்து அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம் அது. புக்கிட் செலம்பாவ் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்திலிருந்து பதினாறு ஆம்பளைகளை லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட என்று கொண்டுபோனார்கள். ஒருத்தனும் திரும்பவில்லை. இன்னொரு லோரி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட அன்று மாலையே அம்மாசி ஒரு பாயையும் பாராங் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கேட்டவர்களிடம் அழகம்மா, கோலா கெத்தில் பக்கம் ஓடிவிட்டான் என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மை தெரிந்தது பக்கத்து வீட்டுக் காளியம்மா ஒருத்திக்குத்தான். லோரி வந்து போகிறவரை அவன் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்டால் போதும், பிழைத்துவிடுவான். பாப்பாவுக்கு அப்பன் இருப்பான். அழகம்மாவுக்கு அதற்கு மேல் எந்த ஆசையும் இல்லை.

அவள் தினமும் சாப்பாடு கொண்டுபோன பலகைப் பாதையை, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் பெண்டாட்டியோடும் நாயோடும் ஞாயிற்றுக்கிழமை உலாத்துவதற்காகப் போட்டிருந்தார். ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் தொடங்கி, சதுப்புக்கு மேல் பலகை பலகையாகப் போய், கோரைக்கும் தாழைப் புதருக்கும் நடுவே ஊற்றை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நாலு வயசுப் பிள்ளைகூடக் கால் மணியில் சுற்றி வந்துவிடும். சண்டை வந்ததும் துரை காரேறிப் போய்விட்டார். பலகைகள் மட்டும் கிடந்தன. ஒவ்வொன்றும் காலடி பட்டால் டொக்கென்று சத்தம் போடும். லயத்துப் பெண்கள் பாதை முனையிலேயே, ஓடை வழிகிற இடத்தில், தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஊற்றுக்கண் அந்தப் பக்கம், தாழைக்குப் பின்னால் இருந்தது. அங்கே யாருக்கும் வேலை இல்லை.

முதல் வாரம் அம்மாசி புதரிலிருந்து வெளியே வந்து, துரை போட்ட பெஞ்சில் உட்கார்ந்துதான் தின்றான். கொசுவைப் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டு, அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, ஜப்பான்காரனின் ஏழு தலைமுறையையும் வைதான். எட்டாம் நாளிலிருந்து வெளியே வரவில்லை. தாழைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"காய்ச்சலாங்க?" என்று கேட்டாள்.

"காய்ச்சல்."

"நான் கிட்ட வர வேணாமா?"

"வேணாம்."

ஒட்டுகிற காய்ச்சலாக இருந்தால் பாப்பாவுக்கும் வந்துவிடுமே என்று அவளும் கிட்டப் போகவில்லை. சட்டியைப் பலகையில் வைப்பாள். மறுநாள் காலி சட்டி அங்கேயே கிடக்கும். இன்றைக்குத்தான் அது கழுவியிருந்தது.

"நீங்களா கழுவுனீங்க?" என்று புதரைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் கழுவுனேன்."

அம்மாசியின் அதே மூக்கால் பேசுகிற குரல். ஆனால் வெயில் இறங்குகிற அந்த நேரத்தில் அவளைச் சுற்றி ரீங்கரித்துக்கொண்டிருந்த அத்தனை கொசுவில் ஒன்றுகூட அந்தப் புதருக்குள் யாரையும் கடிக்கவில்லை போலிருந்தது. பட்டென்று கொசு அடிக்கிற சத்தம் இல்லை. இருமல் இல்லை. கோரை அசையவில்லை.

"பாப்பா உங்களக் கேட்டு அழுவுதுங்க."

தாழைக்குப் பின்னாலிருந்து, "பாப்பா பேரு என்ன?"

"என்னங்க வெளாட்டு இது?"

"என் பேரு என்ன? பேரச் சொல்லிக் கூப்புடு. வரேன்."

அம்மாசி கேட்கிற கேள்வியா இது? கட்டியவன் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. அமாவாசை வந்தால்கூட அந்தப் பேர் நாக்கில் பட்டுவிடும் என்று 'இருட்டு நாள்' என்றுதான் சொல்வாள். ஜப்பான்காரன் ஆள் கணக்கு எடுக்க வந்து, புருஷன் பேர் என்ன என்று அதட்டியபோதும் மரம் மாதிரி நின்றாள். காளியம்மாதான் முந்திக்கொண்டு சொல்லிக் காப்பாற்றினாள். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தவன் அம்மாசி. அவனுக்குத் தெரியாதா?

தண்ணீர்கூடப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, சீவியதையே மறுபடி சீவினாள். பாப்பா வாசலில் காளியம்மாவிடம் கதை அளந்துகொண்டிருந்தது. "ஒன் பேரு என்னாடி?" என்று காளியம்மா வேண்டுமென்றே கேட்க, "த-ன-பாக்-கியம்!" என்று அது நீட்டி முழக்கியது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். அதில் அதற்கு அவ்வளவு பெருமை.

பாயில் புரண்டு படுத்தபோதுதான் அழகம்மாவுக்கு அது உறைத்தது. பன்னிரண்டு நாளாக அந்தக் குரல் தானாக ஒரு சேதியும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று அவள் சொன்னாள், அது காய்ச்சல் என்றது. வேணாமா என்று அவள் கேட்டாள், அது வேணாம் என்றது. அவள் கொடுத்த வார்த்தையை அவளுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று கேட்ட பேர் மட்டும்தான் அவள் கொடுக்காதது.

மறுநாள் ரப்பர் பால் வெட்டு முடிந்ததும், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே போனாள். தூக்குச்சட்டியைப் பலகையில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே சுற்றுப் பாதையில் நடந்தாள். டொக். டொக். ஊற்றுக்கு அந்தப் பக்கம், கோரை மறைவில், பலகை பதில் சொன்னது. டொக். டொக். அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நடந்தது. வட்டத்தின் எதிர்ப்பக்கத்திலேயே, அவளோடு கூடவே சுற்றியது.

நின்றாள்.

டொக்.

ஒரு அடி கூடுதல்.

ஊற்றுக்கண் அவள் காலடியில் இருந்தது. கண்ணாடித் தண்ணீர். அடியில் வெள்ளை மணல் பொங்கிப் பொங்கி அடங்கியது. அந்த மணலில் அம்மாசி மல்லாந்து கிடந்தான். ஒரு கால் வேரில் சிக்கியிருந்தது. ஊறி வெளுத்த முகம். திறந்த கண். பால் வெட்டும் கத்தி பட்டுப் பிளந்த வலது கட்டைவிரல் நகம். இன்று நேற்றுச் செத்தவன் இல்லை. இந்தத் தண்ணீர்தான் ஓடையாக வழிந்தது. அதைத்தான் அவள் டின் டின்னாகச் சுமந்தாள். பாப்பா குடித்தது.

சட்டி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. செத்தவனுக்கு மரியாதை என்ன, வெட்கம் என்ன? ஏழு வருஷமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்தது பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அம்மாசி! அய்யோ, அம்மாசீ!"

தவளைகள் சட்டென்று அடங்கின.

பின்னால், கோரைக்குள்ளிருந்து, திருப்தியாக:

"வரேன்."

ஓடினாள். டொக் டொக் டொக். அவள் பலகையா? அதன் பலகையா? ரப்பர் மரம் வருகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை.

காளியம்மாவின் மடியில் விழுந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "செத்துட்டாருக்கா. ஊத்துல கெடக்குறாரு." பின்னாலிருந்து வந்த குரலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"மெதுவாடி, கங்காணி காதுல விழுந்தா ஒளிச்சு வெச்சதுக்கு ஒன்னையும்ல இழுத்துட்டுப் போவான்" என்று காளியம்மா அவள் முதுகைத் தடவினாள். "காலையில பெரட்டுல பேரு வாசிச்சு முடியட்டும். நம்ம ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் போய் எடுத்து அடக்கம் பண்ணுவோம்."

அன்று ராத்திரி பாப்பாவை இறுக்கிக்கொண்டு, கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் தட்டவில்லை. எதுவும் வரவில்லை. அழுது தீர்ந்தபோது, அந்தக் குரல் அழுவதற்காவது விட்டதே என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

ஜப்பான்காரன் கடிகாரத்தைத் தன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். மணி ஏழு என்பான், வானத்துக்கு அது தெரியாது. பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நின்றபோது இன்னும் சரியாக வெளுக்கவில்லை. பாப்பா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முனியாண்டி கங்காணி அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பேர் வாசித்தான். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். ஓடிப்போனவன் பேரையும் தினம் வாசிக்க வேண்டும் என்பது ஜப்பான்காரன் உத்தரவு. தினமும் அந்த இடத்தில் அழகம்மாதான் தலையைக் குனிந்து, "தெரியாதுங்க" என்று சொல்வாள்.

"அம்மாசி!"

அவள் வாயைத் திறந்தாள்.

"இருக்கேன்."

வரிசையின் கடைசியிலிருந்து வந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. கங்காணி விளக்கை உயர்த்தினான். "டேய், வந்துட்டியாடா! எங்கடா போய்த் தொலஞ்ச?" அவன் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். லோரிக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

காளியம்மா அவள் கையைக் கிள்ளினாள். "அடியே, செத்துட்டாருன்னியே! கண்ண நல்லாத் தொறந்து பாத்தியாடி?" காளியம்மா சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

அழகம்மா பார்த்தாள். அவன் முகம். அவன் நிற்கிற கோணல். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. சேறில்லை, சுத்தமான தண்ணீர். கையில் தூக்குச்சட்டி. கழுவியிருந்தது. அதைப் பிடித்திருந்த வலது கட்டைவிரல் நகம் முழுசாக, வழவழப்பாக இருந்தது.

முந்தானை இழுபட்டு நழுவியது.

"அப்பா!"

"பாப்பா, வேணாம்!" என்று கத்தினாள். எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், கைக்கு அகப்படவில்லை. பாப்பா வரிசைக்கு நடுவே புகுந்து ஓடியது. அம்மாசியாக நின்ற அது குனிந்து பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. பிள்ளையின் தலையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு பாப்பாவின் காதருகே வாயைக் கொண்டுபோய், அம்மாசியின் குரலில், அன்பாகக் கேட்டது.

"ஒன் பேரு என்ன?"

அப்பாவுக்கு மகள் பேர்கூட மறந்துபோய்விட்டதே என்று பாப்பா களுக்கென்று சிரித்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, பெருமையாக வாயைத் திறந்தது.