கண்ணாடியைப் பார்த்துக் கொழும்பு போன டாட்ஜ்

முள்ளித்துறை தொபியாஸ் பர்னாந்து ஒரு டாட்ஜ் காரைக் கடல்மேலேயே கொழும்புவரைக்கும் ஓட்டிக்கொண்டு போனவர். போகிற வழியெல்லாம் அவர் எதிரே பார்க்கவே இல்லை. பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதற்காகக் காருக்குள் ஒரு சின்னக் கண்ணாடி தொங்குமே, அதில் மட்டும் கண்ணை வைத்து ஓட்டினார். நடுக்கடலில் ஒரு திமிங்கலம் குறுக்கே வந்தது. ஹாரன் அடித்தார். அது மரியாதையாக ஒதுங்கி வழி விட்டது.

இதையெல்லாம் சொன்னவர் அவரேதான். முள்ளித்துறையில் பால் குடிக்கிற பிள்ளைகூட இதை நம்பியதில்லை. சந்தியாகுவும் நம்பவில்லை. ஆனால் அந்த ஐப்பசி மாதத்தில் அவருக்கு நம்புவதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லாமல் போயிற்று.

சந்தியாகு கோயிலின் அமரர் ஊர்திக்கு டிரைவர். அந்த ஊர்தியும் ஒரு கறுப்பு டாட்ஜ்தான். என்றைக்கோ ஒரு சங்கு வியாபாரி கோயிலுக்குக் கொடுத்தது. பின்பாதியை வெட்டி, சவப்பெட்டி வைக்க வாகாகக் கண்ணாடிக் கூண்டு கட்டியிருந்தார்கள். ஊரில் யார் செத்தாலும் அதில்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். டாட்ஜில் போகாதவன் முழுசாகச் சாகவில்லை என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

ஆவணியில் சந்தியாகுவின் மனைவி தெக்லம்மாள் இறந்துபோனாள். ஊரையே ஏற்றிப்போன மனிதர் தன் மனைவியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தெரு முக்குத் திரும்பும்போது பின் அச்சுக்குள் 'டமார்' என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. கிரவுன் பினியன் என்பார்களே, எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்கிற பல்சக்கர ஜோடி, அது பல் பல்லாக உதிர்ந்து கிடந்தது. மீன் ஏற்றுகிற குட்டியானை வேன் ஒன்று வந்தது. பெட்டியை அதில் மாற்றினார்கள். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டத் தெக்லம்மாள் அதில் போக, சந்தியாகு பின்னாலேயே நடந்து போனார். அந்தச் சொட்டுகள் அதற்கப்புறமும் அவர் காதுக்குள் விழுந்துகொண்டே இருந்தன.

கோயில் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. கல்லறைத் திருநாளுக்குள் டாட்ஜ் ஓடினால் சரி, இல்லையென்றால் மறுநாள் காயலான் கடைக்கு. சந்தியாகுவும் ஒரு முடிவு எடுத்தார். தெக்லம்மாளின் கல்லறைக்கு என்று செய்யக் கொடுத்திருந்த கல் சிலுவையைத் திருநாளன்று டாட்ஜில்தான் கொண்டுபோவது. அவளை ஏற்றிப்போக முடியவில்லை. அவள் பெயர் செதுக்கிய கல்லையாவது ஏற்றிப்போக வேண்டும்.

தேடாத இடமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் ஹெலிகாப்டர் இறக்கை கேட்டால் இரண்டு சைஸில் எடுத்துப் போடுவார்கள். டாட்ஜ் கிரவுன் பினியன் என்றதும் தாத்தாவைக் கூப்பிட்டார்கள், தாத்தா போட்டோவில் இருந்தார். செட்டிநாட்டில் ஒரு வீட்டுக் கொட்டகையில் அதே மாடல் கார் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். கார் இருந்தது. அதற்குள் கோழிகள் இருந்தன. பின் அச்சு மட்டும் இல்லை. எப்போதோ மாட்டுவண்டிக்குப் போய்விட்டதாம். யோசனை சொன்னவர்கள் எல்லாரும் ஜீப் அச்சைப் போடு என்றார்கள். போட்டுப் பார்த்தார், அகலம் போதவில்லை. திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கொட்டுகிற மழையில், கடைசியாகத் தொபியாஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மாமா, கொழும்புக்கு ஓட்டின வண்டி இப்ப எங்க கிடக்கு?"

தொபியாஸ் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எல்லாரும் திமிங்கலத்தோடு எழுந்து போய்விடுவார்கள்.

"ஆத்து வாய்க்கு வடக்க, அலையாத்திக் காட்டுக்குள்ள கிடக்கு. திரும்பி வரும்போது புயல் தூக்கி உள்ள போட்டுட்டு. தோணியோட கிடக்கு."

"தோணியா?"

"பின்ன, காரு நீஞ்சுமாலே? கொழும்புல ஒருத்தருக்கு விக்கதுக்காகக் காரைச் சரக்குத் தோணியில ஏத்தினோம். நடுக்கடல்ல காத்து செத்துப்போச்சு. பாயி தொங்குது. நான் பாத்தேன். காரோட பின் சக்கரத்தைக் கழத்திட்டு, தோணியோட ரெண்டு பக்கத்தையும் வெட்டி, அச்சு முனையில துடுப்புப் பலகையை மாட்டினேன். எஞ்சினைப் போட்டேன். போயிட்டே இருந்தேன்."

"வித்துட்டீருல்ல? பின்ன எப்படித் திரும்பி வந்தது?"

"வாங்குதவன் வாசனை புடிச்சான். வேண்டாம்னுட்டான். அச்சுக்குள்ள ஊத்த கியர் ஆயில் இல்ல. தோணிப் பலகைக்குப் பூசுத சுறா எண்ணெய்தான் இருந்துச்சு. அதை ஊத்தினேன்."

மறுநாள் விடியும்போது வள்ளம் புறப்பட்டது. சந்தியாகு, தொபியாஸ், மூன்றாவதாக எபிஜெனியா. இவள் தெக்லம்மாளின் தங்கை. கான்வென்ட் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவள். கூப்பிடாமலேயே வந்து வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான், ஒரு புளுகரை நம்பி நீங்க காட்டுக்குள்ள போறீங்க. உங்க ரெண்டு பேரு பொணத்தையும் எடுத்துட்டு வர ஆளு வேண்டாமா?"

"வா தாயி," என்றார் தொபியாஸ். "கொழும்புல உனக்கு ஒரு சேலை வாங்கி வச்சேன். திமிங்கலம் கேட்டுச்சு, குடுத்துட்டேன்."

அன்று பெய்த மழையில் மீன்களுக்கே ஜலதோஷம் பிடித்திருக்கும். ஆற்று வாயைத் தாண்டி அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் அணைந்துபோயிற்று. இரண்டு பக்கமும் மரங்கள் வேர்களைச் சேற்றில் ஊன்றி, சாவு வீட்டில் காத்து நிற்கிறவர்களைப் போல வாய் பேசாமல் நின்றன. கொசுக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆளை அங்கேயே கடிக்கிற ரகம் இல்லை. தூக்கிக்கொண்டுபோய்க் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ரகம். சந்தியாகு கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தார். எங்கேயோ ஓலையிலிருந்து சொட்டுவது போலத் தண்ணீர் சொட்டியது. ஐஸ் தண்ணீர், என்று நினைத்தார்.

கால்வாய் மூன்றாகப் பிரிந்தது. தொபியாஸ் மூக்கை உயர்த்தி மோந்தார்.

"இடது பக்கம்."

"என்ன வாசனை?"

"என் எண்ணெய்."

எபிஜெனியா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை அப்படியே நின்றது. மரங்களுக்கு நடுவே, பாதி சேற்றில் புதைந்த ஒரு தோணி. அதன்மேல் ஒரு கார். மேற்கூரையைப் பிளந்துகொண்டு ஒரு அலையாத்தி மரம் வளர்ந்திருந்தது. விளக்குகள் இருந்த இரண்டு குழிகளிலும் கொக்குக் கூடு. காரின் முகம் தோணியின் பின்பக்கத்தைப் பார்த்து இருந்தது.

"பாத்தியா?" என்றார் தொபியாஸ். "ஏத்தும்போதே துறைமுகத்துக் குமாஸ்தா பய மாத்தி வச்சுட்டான். தோணிக்குள்ள திருப்ப இடம் இல்ல. அதான் கண்ணாடியைப் பாத்து ஓட்டினேன்."

எபிஜெனியா காரைச் சுற்றிப் பார்த்தாள். "காரை ஏத்திட்டுப் போனீரு, அது தெரியுது. நானும்தான் பஸ்ல போறேன். பஸ்ஸை ஓட்டினேன்னு சொல்லுதேனா? அத்தான்கிட்டச் சொன்ன துடுப்புப் பலகை எங்க?"

"கரையான் தின்னுட்டு."

"கடல்ல ஏது கரையான்?"

"கடல் கரையான்."

சந்தியாகு அதற்குள் காருக்கு அடியில் புகுந்துவிட்டார். மேலே எல்லாம் துரு. தொட்ட இடம் அப்பளமாக நொறுங்கியது. அச்சின் மூடித் திருகைக் கழற்றினார். உள்ளேயிருந்து கறுப்பாக, கெட்டியாக, ஒரு வாடை வெளியே வந்தது. அந்த வாடையில் மேலே பறந்துகொண்டிருந்த நாரை ஒன்று வந்த வழியே திரும்பிப் போனது. சந்தியாகு விரலை விட்டுத் தடவினார். பல். அடுத்த பல். அதற்கடுத்த பல். எல்லாம் புதுசு போல வழவழவென்று இருந்தன. அங்கேயே, சேற்றில் படுத்தபடி, ஆவணிக்கு அப்புறம் முதல்முறையாக அவர் அழுதார். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"லே சந்தியாகு, ஒண்ணு கேட்டுக்கோ," என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார் தொபியாஸ். "காரைத் திருப்ப முடியலேன்னு நான் அச்சைத் தலைகீழாத் திருப்பி மாட்டிருக்கேன். ஸ்பிரிங் வைக்கிற கட்டையையும் அடுத்த பக்கம் வச்சு இறுக்கிட்டேன். உன் வண்டியில போடும்போது குப்புறத் திருப்பிப் போடு."

"ஆமா," என்றாள் எபிஜெனியா. "அப்புறம் அத்தான் தலைகீழா நின்னு ஓட்டுவாரு."

சந்தியாகு ஸ்பேனரை அடுத்த போல்ட்டில் மாட்டினார். திமிங்கலம், சேலை, கடல் கரையான் வரிசையில் இதையும் வைத்துவிட்டார்.

கடைசி போல்ட்டு கழன்றதும் விபரீதம் நடந்தது. உளுத்த பலகை பிளந்து, அச்சு சேற்றுக்குள் இறங்கியது. அதைப் பிடித்திருந்த சந்தியாகுவும் சேர்ந்து இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. கால் ஊன்ற இடமே கிடைக்கவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எபிஜெனியா நங்கூரக் கயிற்றை வீசினாள். அது அவர் தோளில் விழுந்தது. அவர் பிடிக்கவில்லை. சேறு இதமாக இருந்தது. சொட்டுச் சத்தம்கூட நின்றுவிட்டிருந்தது.

"அத்தான், கயித்தப் பிடிங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எபிஜெனியாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் குரல் தாழ்ந்தது. "சரி, கிடங்க. அக்கா சிலுவையை நான் அந்தக் குட்டியானையிலேயே ஏத்தி விட்டுடுதேன். ஐஸ் தண்ணி சொட்டச் சொட்டப் போவட்டும்."

சந்தியாகுவின் கை கயிற்றைப் பிடித்தது. அந்த ஒரு கை பிடித்த வேகத்தில் வள்ளம் குலுங்கித் தொபியாஸ் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். எபிஜெனியா முப்பது வருஷம் கான்வென்ட் அண்டாவைத் தூக்கி இறக்கியவள். அன்று அவள் இழுத்த இழுப்பில் காடே ஒரு பக்கம் சாய்ந்தது என்று தொபியாஸ் இன்றைக்கும் சொல்கிறார். சந்தியாகு மேலே வந்தார். அவருடைய இன்னொரு கை அச்சை விடவே இல்லை.

அச்சின் இரண்டு முனையிலும் காலிப் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டினார்கள். ஏறுகிற தண்ணீர் அதைச் சேற்றிலிருந்து பிடுங்கிக் கொடுத்தது. அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது அந்த வாடைக்கு முள்ளித்துறை நாய்கள் எல்லாம் கரைக்கு வந்து வரவேற்றன.

திருநாளுக்கு முந்தைய சாயங்காலம்வரை சந்தியாகு காருக்கு அடியிலேயே இருந்தார். ஸ்பிரிங் கட்டைகள் எந்தப் பக்கம் இருந்தனவோ அந்தப் பக்கம் சரியாகப் பொருந்தின. அவர் அப்படியே மாட்டினார்.

கல்லறைத் திருநாள். வானம் இருண்டு தூறிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் மெழுகுவத்தியைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு ஊரே நின்றது. காயலான் கடைக்காரர்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று, அளக்கிற டேப்போடு வந்திருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் தெக்லம்மாளின் சிலுவை. சந்தியாகு சிலுவைக்குறி போட்டு, எஞ்சினை உயிர்ப்பித்து, முதல் கியரைப் போட்டார்.

டாட்ஜ் பின்னால் போனது.

விர்ரென்று போனது. கூட்டம் சிதற, கோயில் படிக்கட்டில் ஒரு படி ஏறி நின்றது. சந்தியாகு கியர் கம்பியைப் பார்த்தார். இரண்டாவது கியரைப் போட்டார். இன்னொரு படி ஏறியது. யாரோ சிரித்தார்கள். குட்டியானையைக் கொண்டுவரச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள்.

படிக்கட்டு ஓரத்தில் குடைக்கடியில் நின்றிருந்த தொபியாஸ் மெதுவாகச் சொன்னார். "குப்புறத் திருப்பிப் போடச் சொன்னேன்ல. அச்சு தலைகீழாக் கிடந்தா சக்கரம் எதிர்ப்பக்கமாத்தான் சுத்தும்."

எபிஜெனியா அவரைப் பார்த்தாள். அப்புறம் காரைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் டிரைவர் ஜன்னலைத் தட்டினாள்.

"அத்தான், ரிவர்ஸ் போடுங்க."

"என்னத்துக்கு?"

"முன்னால போறதுக்கு."

சந்தியாகு ரிவர்ஸ் கியரைப் போட்டார். டாட்ஜ் ஒரு முனகலோடு படியிலிருந்து இறங்கி, முன்னால் நகர்ந்தது. நத்தை வேகம். அதற்குமேல் அந்தக் கியரில் போகவும் முடியாது. முன்பெல்லாம் வண்டி முன்னால் போய்விடும். வயசானவர்கள் மூச்சு வாங்கப் பின்னால் ஓடி வருவார்கள். அன்று எல்லாரும் கூடவே நடந்தார்கள். எபிஜெனியா கூண்டின் திறந்த கதவு வழியாகக் கையை விட்டு, அக்காவின் பெயர்மேல் உள்ளங்கையை வைத்தபடி, தோட்டம்வரை நடந்தாள். காயலான் கடைக்காரர் டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டார். முனகலும் ஜெபமும் தவிரச் சந்தியாகுவின் காதில் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

சிலுவையை நட்டு, மண்ணை மிதித்து, மெழுகுவத்தி ஏற்றியபோது தூறல் நின்றிருந்தது. கமிட்டித் தலைவர் சந்தியாகுவிடம் வந்து, அச்சை அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம், இந்த வேகமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புளுகுகிறவர் பத்து சொன்னால், அதில் எது ஸ்பேனர் பிடித்த கை சொல்வது என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம், என்று சந்தியாகு நினைத்துக்கொண்டார்.

எபிஜெனியா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தொபியாஸ் ஒரு கல்லறை மேடைமேல் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சும்மா ஏத்திட்டுப் போற காருக்கு எவனும் அச்சைத் திருப்பி மாட்ட மாட்டான்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"மாட்ட மாட்டான்," என்றார் தொபியாஸ்.

"அப்ப, ஓட்டியிருக்கீரு மாமா. கண்ணாடியைப் பாத்துக்கிட்டேதான் ஓட்டியிருக்கீரு."