புரிந்ததாகத் தலையாட்டியவள்

அன்று மதியம் கணவரின் குரல் தெளிவாகக் கேட்டது. அதுதான் முதல் கோளாறு.

ஹ்வாசுனுக்குக் காதுக்குள் கருவி பொருத்தி அரை வருடம் ஆகிறது. எட்டு வருடமாக எதுவும் கேட்காதிருந்தவள், இந்த வயதில் மண்டையைத் திறக்கச் சம்மதித்ததே கணவர் தொக்மானின் குரலை இன்னொரு தடவை கேட்டுவிடத்தான். கேட்டதோ தகர டப்பாவில் மணலைக் குலுக்கும் சத்தம். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, கேட்டுப் பழகும் பயிற்சிக்காக, பூசான் துறைமுகத்தைப் பார்த்த அந்தச் சின்னக் குடியிருப்பில், அவள் உதட்டைப் படித்துவிடாதபடி, துணி கட்டிய பூத்தையல் வளையத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்வார்.

"புரியலன்னா புரியலன்னு சொல்லுங்கம்மா," என்று பயிற்சி மையத்துப் பெண் சேரின் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். "சும்மா தலையாட்டுறதுக்கா இவ்வளவு பெரிய ஆபரேஷன்?"

ஆனால் மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்கும்போதெல்லாம் அவருடைய தோள் சற்றே தொய்வது தெரியும். அதற்குக் கூசியே, புரிந்ததுபோல் தலையாட்டி, அடுத்தது சொல்லுங்கள் என்பாள். மருமகளிடமும் மீன்காரியிடமும் காலம் ஓட்டிய அதே ஏமாற்று.

அந்த மதியம், வாற்கோதுமைத் தேநீர் கொதிக்கும் வாசனைக்கும், கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டியின் முனகலுக்கும், கீழே ஏதோ கப்பல் ஊதியதற்கும் நடுவே, காதருகே வாயை வைத்துப் பேசுவதுபோல, மெல்லிசாக, ஈரமாக அவரது குரல் வந்தது. பழைய அதே கரகரப்பு. அவளுக்குக் கண் கலங்கியது.

"இன்னைக்கு நல்லாக் கேக்குதா, ஹ்வாசுன்?"

"கேக்குதுங்க. ஒவ்வொரு சொல்லும்."

"இத்தனை நாளா எல்லாத்துக்கும் தலையாட்டினியே. புரிஞ்சுதானே ஆட்டினே?"

முகம் எரிந்தது. கண்டுபிடித்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க," என்றாள்.

"நல்லது. உள்ள வரட்டுமான்னு கேட்டேன், ஆட்டினே. இவரு பக்கத்துல உக்காரட்டுமான்னு கேட்டேன், ஆட்டினே."

இவரா?

அவர் வாய்க்கு முன்னால் இருந்த வளையத்துத் துணியைப் பார்த்தாள். பேசினால் மூச்சுப் பட்டு உப்பும் துணி அது. அசையவில்லை.

"இவரு குரலை நானே வச்சுக்கட்டுமான்னு நேத்து கேட்டேன்."

நேற்று. ஒன்றும் விளங்காத அந்தக் கடைசி வாக்கியம். மறுபடி சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டிருந்தாள். மூன்றாவது தடவை கேட்க வெட்கம். ஆட்டியிருந்தாள்.

காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கருவியின் வட்டத்தைப் பிடுங்கி எறிந்தாள். பெட்டியின் முனகல் நின்றது. கப்பலின் ஊதல் நின்றது.

குரல் நிற்கவில்லை.

வளையம் கீழே விழுந்தது. தொக்மானின் வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். உதட்டைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏன் சரின்னு சொன்னே?

ஏன் சரின்னு சொன்னே?

அவர் உதடுகள் அதையே கேட்டுக்கொண்டிருக்க, அவர் குரல் அவள் காதுக்குள் கனிவாகச் சொன்னது:

"அடுத்தது."