விளக்கு வைத்தபின் தண்ணீர் இல்லை

செங்கொடி செத்த நாளிலிருந்து யாருமே படுக்காத கட்டில் அது. ஒருநாள் காலையில் நனைந்து கிடந்தது.

ஆயா குப்பம்மாதான் முதலில் பார்த்தாள். மெத்தைமேல் விரித்திருந்த ரப்பர் ஷீட்டைத் தடவி, விரலை மோந்து பார்த்துவிட்டு, வார்டன் ஜானட்டின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மூத்திரம் இல்ல மேடம். வெறும் தண்ணி. குடிக்கிற தண்ணியாட்டம் கீது."

"மேல ஒழுகியிருக்கும்," என்றாள் ஜானட், நிமிராமலே.

"மழ ஏது மேடம்? மேல காங்க்ரீட்டு வேற."

"அப்ப எவளாச்சும் கொட்டிருப்பா. வெயில்ல போடு, போ."

குப்பம்மா ஷீட்டை உருவிக்கொண்டு போனாள். மறுநாளும் கட்டில் நனைந்திருந்தது. அதற்கு மறுநாளும்.

எண்ணூர் கழிமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்தக் கட்டடம் முன்பு உப்புக் கிடங்காக இருந்தது. ஏதோ ஒரு டிரஸ்ட் அதை வாங்கி, சுவருக்கு வெளிர்நீலம் அடித்து, மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான இல்லம் ஆக்கியிருந்தது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் சுவரிலிருந்து உப்பு பூத்துப் பூத்து வெளியே வந்துகொண்டே இருந்தது. நீண்ட ஒரே கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். கட்டில்களில் இருபது வயதிலிருந்து அறுபது வயது வரைக்கும் பெண்கள். சிலர் நடப்பார்கள், சிலர் தவழ்வார்கள், சிலர் படுத்த இடத்திலேயே கிடப்பார்கள்.

ஜானட் ராயபுரத்துக்காரி. வந்த புதிதில் அவளும் எல்லாருக்கும் தலைவாரிப் பின்னிவிட்டவள்தான். பிறகு ராத்திரி ஆயா நின்றுபோனாள். வேறு ஆள் போடுங்கள் என்று டிரஸ்டுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததே தவிர ஆள் வரவில்லை. தண்ணீர் லாரியும் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. விடிந்தால் கூடம் முழுக்க நனைந்த படுக்கைகள், மூக்கைத் துளைக்கும் நாற்றம், துவைக்க ஒரே ஒரு குப்பம்மா. ஒருநாள் ஜானட் சட்டம் போட்டாள். விளக்கு வைத்தபின் யாருக்கும் தண்ணீர் கிடையாது. குடித்தால்தானே நனைப்பார்கள்.

அன்றுமுதல் சாயங்காலம் ஆனதும் குப்பம்மா பானையையும் டம்ளர்களையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துப் பூட்டினாள். பேசத் தெரிந்தவர்கள் கொஞ்ச நாள் கேட்டார்கள், அழுதார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அவர்களில் ரூஹி மட்டும் மழை பெய்தால் எழுந்துபோய் ஜன்னல் கம்பிகளை நக்குவாள். படுக்கைகள் காய்ந்தன. விசாரணைக்கு வந்த ஓர் அதிகாரி கூடத்து வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "பரவால்லியே, நாத்தமே இல்ல," என்று பாராட்டிவிட்டு, ஜானட்டின் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ரோஸ்மில்க் குடித்துவிட்டுப் போனார்.

அந்த விசாரணைக்குக் காரணம் பீம்ராவ். செங்கொடியின் அண்ணன். வியாசர்பாடிக்காரன், துறைமுகத்தில் லோடு ஏற்றுபவன். தங்கைக்குப் பிறவியிலேயே கழுத்து நிற்காது, கைகால் முறுக்கிக்கொள்ளும், பேச்சு வராது; ஆனால் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். அம்மா இருந்தவரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா போனபின் வீட்டில் ஆள் இல்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இங்கே சேர்த்தான். ஞாயிறு தவறாமல் வருவான்.

"இன்னா மேடம், எந்தங்கச்சி ஒதடு இப்டி வெடிச்சிக் கீது?"

"கத்திரி வெயிலுப்பா. ஊருக்கே அப்டித்தான்."

"தண்ணி குடுக்கறீங்களா?"

"குடுக்காம பின்ன?"

அவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் ஜானட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நம்பித்தான் அவன் மனு கொடுத்தான். அது ரோஸ்மில்க்கோடு முடிந்தது.

பிறகு அந்தப் புழுக்க ராத்திரி. கரண்ட் இல்லை. காற்றும் இல்லை. கூடத்திலிருந்து டங், டங் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. செங்கொடி தலையைக் கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ஜானட்டுக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் எழுந்துகொள்வார்கள் என்று எண்ணியபடி புரண்டு படுத்தாள். சத்தம் மெலிந்து, இடைவெளி விட்டு, விடிவதற்குள் நின்றுபோயிற்று. நின்றபிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாரடைப்பு என்று எழுதினார். முன்பு அங்கே செத்தவர்களுக்கும் அவர் அதையேதான் எழுதியிருந்தார். பீம்ராவ் வந்து தங்கையின் வாயைத் திறந்து, உள்ளே ஒரு விரலை வைத்தான். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"நாக்கு கட்டையாட்டம் கீது மேடம்," என்றான். சேர்க்கக் கொண்டுவந்த மாதிரியே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அந்தக் கட்டில்தான் தினமும் நனைந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. கூடத்தில் யாரும் தண்ணீர் கேட்பதில்லை.

முன்பெல்லாம் விடிந்ததும் பானையைக் கண்டால் முட்டிமோதுவார்கள். இப்போது டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜானட்டுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. குப்பம்மாதான் நிம்மதியில்லாமல் அலைந்தாள்.

"எல்லாத்துக்கும் ஒதடு ஈரமா கீது மேடம். ராவுக்கு யாரோ குடுக்கறாங்கோ."

"சாவி உன் இடுப்புல இருக்கு. எவ குடுப்பா?"

ஜானட் கூடத்துக்குப் போனாள். ரூஹி கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் வெள்ளையாகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அவள் உதடுகள் இப்போது குழந்தையின் உதடுகளைப் போலச் சிவந்து மினுங்கின.

"யாரு ரூஹி உனக்குத் தண்ணி குடுத்தா?"

ரூஹி காலியான கட்டிலைக் காட்டினாள். "செங்கா."

"செங்கா செத்துப்போச்சுல்ல?"

"செங்கா நடக்குது," என்று சொல்லி ரூஹி கைதட்டிச் சிரித்தாள்.

ஜானட்டுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அறைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். போதவில்லை. இன்னொரு சொம்பு. வயிறு கனத்தது, தொண்டை மட்டும் காய்ந்தே இருந்தது. அன்றுமுதல் டீ மணல் போலிருந்தது. சோறு விழுங்க முடியாமல் நடுவில் நின்றது. சர்க்கரை வியாதியோ என்று திருவொற்றியூர் போய் ரத்தம் பார்த்தாள், ஒன்றுமில்லை என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருந்த பெண், "இன்னாக்கா, ஒதடெல்லாம் ரத்தமா கீதே," என்று தன் பாட்டிலை நீட்டினாள். ஜானட் அதைக் காலி செய்துவிட்டு, அழுகை வந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் நீர் வரவில்லை.

அன்று மதியமே குப்பம்மா சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் இனிமே வரல மேடம்."

"நீயும் போய்ட்டா நான் தனியா இன்னா பண்ணுவேன் குப்பம்மா?"

"பானைய எடுத்துக்கினு போய்ப் பூட்டினவ நாந்தானே. நேத்து விடிகாலைல வந்தப்ப அது என் கையப் புட்ச்சிப் பார்த்துச்சி. பார்த்துட்டு வுட்டுடுச்சி." குப்பம்மா மணிக்கட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "உங்களத்தான் தேடுது. வூட்டுக்குப் பூடுங்க மேடம். இருட்டறதுக்குள்ள பூடுங்க."

ஜானட் போகவில்லை. போனால் இத்தனை பேரையும் யார் பார்ப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் கால் எழவில்லை. சாயங்காலம் கடல் பக்கமிருந்து கருமேகம் திரண்டு வந்தது. கழிமுகத்துச் சேற்றின் வாடையும் மணலிப் பக்கத்து ஆலைகளின் எண்ணெய் நெடியும் கலந்து கனத்த காற்று ஜன்னல் வழியே மெல்ல நுழைந்தது. எங்கோ ஒரு டேங்கர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் கீச்சொலி கேட்டுக் கேட்டு ஓய்ந்தது. கரண்ட் போயிற்று. விளக்கு வைக்கும் நேரம்.

கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

மடக். மடக். மடக்.

யாரோ குடிக்கிறார்கள். ஒருவர் இல்லை, பலர். நிதானமாக, அவசரமே இல்லாமல், தாகம் தீரத் தீரக் குடிக்கும் சத்தம். அதைக் கேட்கக் கேட்க ஜானட்டின் தொண்டையும் தானாக ஏறி இறங்கியது. செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். சுவரின் உப்பு உள்ளங்கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

கதவைத் தள்ளினாள்.

எல்லாரும் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார முடியாதவர்களும்தான். தலைகள் பின்னால் சாய்ந்திருந்தன, வாய்கள் திறந்திருந்தன. யார் கையிலும் டம்ளர் இல்லை. தொண்டைகள் மட்டும் ஏறி இறங்கின. மோவாயிலிருந்து தண்ணீர் வழிந்து மார்பை நனைத்தது. ஒவ்வொருத்தியின் பிடரிக்குக் கீழும் முடி லேசாக அமுங்கியிருந்தது, ஒரு கை தாங்கியிருப்பது போல.

வெளிச்சம் தரையில் விழுந்தது. ஈரச் சுவடுகள். கட்டிலுக்குக் கட்டில் போய் நின்று, அடுத்ததற்கு நகர்ந்திருந்தன. வெடிப்பில்லாத, தேய்மானமில்லாத, ஒருநாளும் மண்ணை மிதிக்காத பாதங்களின் சுவடுகள்.

கடைசிக் கட்டிலருகே அவை நின்றிருந்தன.

திரும்பின.

ஜானட்டை நோக்கி ஒரு சுவடு பதிந்தது. இன்னொன்று. அவசரமில்லை.

அவள் ஓடினாள். சமையலறைப் பூட்டைத் திறந்தாள். பயம்தான். ஆனால் பயத்தைவிடத் தாகம் பெரிதாக இருந்தது. பானையை அப்படியே தூக்கி வாயில் கவிழ்த்தாள். வாயில் ஈரம் பட்டது. தொண்டைக்கு வரவில்லை. எங்கே போயிற்று? மேலெல்லாம் நனைந்தது. தொண்டை எரிந்தது. மூலையிலிருந்த தண்ணீர்ப் பேரலில் முகத்தை அமிழ்த்தி உறிஞ்சினாள். பேரல் தரை தட்டியது. நாக்கு கட்டையாகக் கிடந்தது.

தண்ணீர். வேறு எங்கே தண்ணீர்?

பின்கதவு திறந்திருந்தது. திறந்தது யார் என்று அவள் நினைக்கவில்லை. சப்பாத்திக் கள்ளி கிழித்ததும் தெரியவில்லை. எதிரே கழிமுகம். அக்கரையில் மின்நிலையத்துப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள். அவற்றுக்குக் கீழே அகலமாக, அசையாமல், சாம்பல் நிறத்தில் தண்ணீர். மீன்கூட ஒதுங்கிப் போகும் தண்ணீர் என்று தெரியும். உப்பு என்று தெரியும். தெரிந்துதான் முழங்காலிட்டாள்.

வெதுவெதுவென்று இருந்தது. மின்நிலையத்துச் சாம்பல் மாவுபோலப் பல்லில் நெறிபட்டது. விழுங்கினாள்.

இறங்கியது.

முதல்முறையாகத் தொண்டையில் தண்ணீர் இறங்கியது. அவள் அழுதபடி குடித்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். வயிறு கல்லாக இறுகியது. போதும் என்று நிமிரப் பார்த்தாள்.

பிடரியில் ஒரு கை.

அழுத்தவில்லை. குழந்தைக்குப் புகட்டும்போது தாங்குவதுபோல மென்மையாகத் தாங்கியது. முறுக்கிக்கொண்ட விரல்கள் அவள் கூந்தலுக்குள் ஒவ்வொன்றாக விரிந்தன. இன்னொரு கை முன்னால் வந்து, தண்ணீரை அள்ளி, அவள் உதட்டில் வைத்தது.

"போதும்," என்று சொல்ல வாய் திறந்தாள். வாய் நிரம்பியது.

விழுங்கினாள். மூச்சுக்குத் திறந்தாள். நிரம்பியது.

கண்ணை மட்டும் உயர்த்த முடிந்தது. செங்கொடி நின்றுகொண்டிருந்தாள். கழுத்து நேராக இருந்தது. முகத்தில் கோபம் இல்லை. அவள் ஜானட்டின் மோவாயைத் துடைத்துவிட்டு, அடுத்தவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றாள்.

அடுத்தவள் குனிந்தாள். மாரடைப்பு என்று எழுதப்பட்டவள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால், ஜானட் அறியாத முகங்கள். வேறு வேறு இல்லங்களின் சீருடை நைட்டிகளில், மொட்டைத் தலைகளோடு, கணுக்காலில் சங்கிலித் தழும்போடு, இடுப்பளவு சாம்பல் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் குவித்த இரு கைகளிலும் தண்ணீர் ஏந்தி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், தன் முறைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள். வரிசை கழிமுகத்தைத் தாண்டிக் கடல்வரைக்கும் போயிற்று.