ஒற்றைக்கால் கிளியைத் திருடியது யார்?

தேஜஸ்ரீயின் செல்போன் அலறியது.

எடுத்தாள்.

"திருட்டுக் கும்பல்!" மறுமுனையில் ஆங்கிலம் வெடித்தது. ஸ்டெஃபான்! ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வந்து டி-ஷர்ட் வாங்கும் பையர். "காதர்பேட்டை மலிவு பனியன் சந்தையில் நிற்கிறேன். எங்கள் கிளி இங்கே ஒரு கடையில் தொங்குகிறது!"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அந்தக் கிளி டி-ஷர்ட் இன்னும் ஜெர்மனியிலேயே கடைக்கு வரவில்லை. திருப்பூரில் அந்த டிசைன் இருந்தது ஒரே இடத்தில்தான். நல்லூரில், லிங்கசாமியின் பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தேஜஸ்ரீயின் கம்ப்யூட்டரில்!

கொஞ்ச நேரத்தில் ஸ்டெஃபான் வந்தான். கையில் காதர்பேட்டை டி-ஷர்ட். பின்னால் இன்ஸ்பெக்டர் பாண்டித்துரை. திருநெல்வேலிக்காரர். கொலை, கொள்ளை என்று இதுவரை கௌரவமாகப் பிழைத்தவர்.

"ஏம்மா, களவு போனது என்ன?"

"கிளிங்க சார்."

"கூண்டோடயா?"

"படம்ங்க சார்..."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஸ்டெஃபான் நீளமாகச் சீறினான்.

"தொர என்னம்மா சொல்லுதாரு?"

முதலாளி லிங்கசாமிக்கு ஆங்கிலத்தில் 'ஷிப்மென்ட்' மட்டும் தெரியும். இன்ஸ்பெக்டருக்கு அதுவும் தெரியாது. ஆக, தன் மீதான குற்றச்சாட்டைத் தானே மொழிபெயர்க்கும் பாக்கியம் தேஜஸ்ரீக்கு!

"என்னைய அரெஸ்ட் பண்ணச் சொல்றாருங்க சார்."

கேஸ் ஆனால் அவ்வளவுதான். இனி எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிற்கவிடாது. காப்பியடிப்பதைப் பெரிய மனதோடு மன்னிக்கும் ஊர், மாட்டிக்கொள்வதை மட்டும் மன்னிக்காது.

லிங்கசாமி ஸ்டெஃபானுக்குக் காபியை நீட்டினார்.

"ஏனுங்க, இதுக்குப் போயி போலீசா? ஒருத்தன் போட்டது நல்லா ஓடுச்சுன்னா பத்துப் பேரு போடுவாங்க. பெருமைதானுங்களே! நீங்களே சாம்பிளக் குடுத்து, அச்சு அசலா இப்பிடியே வேணும்னுதானுங்க கேக்கறீங்க?"

தேஜஸ்ரீ மொழிபெயர்த்தாள். ஸ்டெஃபான் காபியைத் தள்ளினான்.

"எங்கள் நாட்டில் இது குற்றம்! எங்கள் டிசைனர் மாதக்கணக்கில் யோசித்து வரைந்தது. பாருங்கள்... கிளிக்கு ஒரே கால்! சுதந்திரத்தின் வலி! அந்த வலியைக்கூட விடாமல் திருடியிருக்கிறார்கள்! இவளை ஒப்படையுங்கள். இல்லையென்றால் ஆர்டர் கேன்சல்!"

"என்னங் கண்ணு சொல்றாரு?"

"உங்களுக்கு நான் வேணுமா, ஆர்டர் வேணுமான்னு கேக்கறாருங்க."

லிங்கசாமி அவளைப் பார்த்தார். ஆர்டரை நினைத்தார். மறுபடி அவளைப் பார்த்தபோது பாசம் பாதியாகக் குறைந்திருந்தது.

"கண்ணு... ஸ்டேசனுக்குச் சும்மா ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு..."

அடப்பாவி!

அழுகையைக் கோபம் முந்திக்கொண்டது. டி-ஷர்ட்டைப் பிடுங்கினாள். உள்பக்கம் புரட்டினாள். பக்கவாட்டுத் தையலில் ஒரு குட்டி லேபிள்...

திடுக்கிட்டாள்!

"சார்! இது நம்ம கம்பெனி லேபிள்!"

"ஒத்துக்கிட்டா பாருங்க!" இன்ஸ்பெக்டருக்கு ஏக சந்தோஷம்.

"வருஷத்தப் படிங்க சார்! நாலு வருஷப் பழசு. நான் இங்க வேலைக்குச் சேந்ததே போன தீவாளிக்குத்தான்!"

லிங்கசாமி டி-ஷர்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கிளியின் காலைத் தடவினார். இல்லாத காலை.

"அட சாமி... நம்ம ரிஜெக்ட் பீசு! பிரிண்டிங்ல ஸ்கிரீன் அடைச்சு ஒரு கால் விழுகாமப் போச்சுங்க. அத்தனையும் காதர்பேட்டைக்குத் தள்ளி உட்டேன்."

மெல்ல ஸ்டெஃபான் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, போன வருசம் உங்க டிசைனர் அம்மாவ நாந்தானுங்க காருல காதர்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன்? பை நெறைய வாங்குனாங்களே!"

இதை மட்டும் தேஜஸ்ரீ ரசித்து, நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தாள்.

ஸ்டெஃபானின் முகம் வெளுத்தது. உதடு மட்டும் அசைந்தது.

"என்னம்மா முணுமுணுக்காரு?"

"நாம எடுத்தா திருட்டு. அவங்க எடுத்தா இன்ஸ்பிரேஷனாமுங்க சார்!"

"அதுக்கு எங்கிட்ட செக்‌ஷன் இல்லையே. திருட்டுக்குத்தான் இருக்கு." இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்து மேஜையில் வைத்தார். "தொரைக்கு என்ன சைஸுன்னு கேளு. எக்ஸ்எல்லா?"

ஐந்தே நிமிடம். ஆர்டர் இரட்டிப்பானது! ஸ்டெஃபான் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினான். இன்ஸ்பெக்டரும் கிளம்பினார்.

தேஜஸ்ரீ முதலாளி பக்கம் திரும்பினாள்.

"என்னைய ஸ்டேசனுக்கு அனுப்பப் பாத்தீங்கல்லங்க சார்?"

"சம்பளத்த ஏத்திப் போடறேன் கண்ணு... மனசுல வெச்சுக்காத."

"அது இருக்கட்டுங்க. ரெண்டு கால் கிளிய மொதல்ல வரஞ்சது ஆருங்க?"

லிங்கசாமி ஜன்னலை எட்டிப் பார்த்தார். ஸ்டெஃபானின் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

"அவங்க கம்பெனியோட பழைய கேட்டலாக்ல பாத்தேன் கண்ணு. அழகா இருந்துது. போட்டுட்டேன்."

"ஐயோ! அப்ப கிளி அவங்களுதா?!"

"கிளி அவங்களுதுதான்." லிங்கசாமி கண்ணடித்தார். "ஆனா அந்த இல்லாத கால் இருக்குது பாரு... அது நம்ம ஒரிஜினல்!"