அத்திக்குப் புதுத் தொட்டி

மகளைக் குளிப்பாட்டித் துவட்டும்போதுதான் அவன் அந்தத் தடத்தைப் பார்த்தான். இடது கையில், தோளிலிருந்து மணிக்கட்டுவரை, கொடி சுற்றியதுபோலச் சிவப்பாக ஒரு கோடு.

"ரப்பர் பேண்டைச் சுத்தி விளையாடியிருப்பா," என்றாள் மனைவி.

அவன் எண்ணினான். ஐந்து சுற்று. ஒவ்வொன்றும் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. அப்படிச் சுற்ற ஆறு வயதுக் குழந்தைக்கு வராது. பல் செட் செய்து பிழைக்கிற அவனுக்கு வரும். கம்பி வளைப்பது அவனுக்குக் கைவந்த கலை.

பால்கனிக்குப் போனான். மகள் பிறந்த வாரம் வாங்கிய அத்திக் கன்று அங்கே இருந்தது. ஆறு வருடமாக வெட்டியும் வளைத்தும் முழங்கை உயரத்திலேயே அவன் நிறுத்திவைத்த போன்சாய். "உங்க ரெண்டாவது புள்ளை சாப்பிட்டாச்சா?" என்று மனைவி தினமும் கிண்டல் செய்வாள். மாலை வெயிலில் ஈர மண்ணும் பாசியும் மணக்க, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சுவருக்குள் உறுமிக்கொண்டிருக்க, அவன் குனிந்து இடது கிளையைத் தடவிப் பார்த்தான். வளைக்கச் சுற்றியிருந்த செப்புக் கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. மூன்று மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். வளைவு இன்னும் கொஞ்சம் அழகாக வரட்டுமே என்று ஏழு மாதம் விட்டிருந்தான். கம்பியிலும் ஐந்து சுற்று.

பதிந்த கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு சாண் கம்பியையும் வீணாக்காமல் பிரித்து வைக்கிற பட்டறைப் பழக்கம் விரல்களில் ஊறியிருந்தது. நுனியைக் குறடால் பிடித்துச் சுழற்றினான். பட்டையும் கூடவே உரிந்து வந்தது. வெள்ளையாகப் பால் கசிந்தது.

உள்ளே மகள் அலறினாள்.

அவள் கையில் உரிந்திருந்த தோலைப் பார்த்து, ஒவ்வாமை என்று டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார். அவன் மரத்தின் காயத்துக்கும் பசை பூசினான். இரண்டும் ஒன்றாகவே ஆறின. மனைவியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவனைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவாள். பயமாக இருந்தது. கத்தரியைப் பூட்டிவைத்தான். ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை.

அடுத்த மாதம், தொட்டியில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தது. வேர் அடைத்துக்கொண்டுவிட்டது. அன்று காலை மகளும் குடித்த பாலைக் கக்கினாள்.

"அப்பா, காலெல்லாம் இறுக்குது."

"ஷூவாடா குட்டி?"

"ஷூ போடலையே."

தொட்டி மாற்றாவிட்டால் மரம் செத்துவிடும். மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவார்கள். மகளின் பாதங்களைப் பார்த்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். பெரிய தொட்டியாக வாங்குவது, ஒரு வேரைக்கூட வெட்டாமல் மாற்றுவது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் எழுவதற்குள் வேலையை முடித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குச்சியால் பழைய மண்ணை நெருடி நெருடி உதிர்த்து, மயிரிழை வேர்களை விரலால் பிரித்து, சலித்த புது மண்ணைக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல இட்டு நிரப்பினான். ஒன்றும் அறுபடவில்லை. புது வேர் பிடிக்கும்வரை மரம் அசையக் கூடாது என்பதால், அடித்துளைகள் வழியே கம்பி விட்டு வேர்க்கட்டைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டினான். கை தானாகவே அதைச் செய்தது. அவன் யோசிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றினான். சரசரவென்று இறங்கியது. நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

"அப்பா."

உள்ளே போனான். மகள் கட்டிலருகே வெறுங்காலோடு நின்றிருந்தாள். முகத்தில் நல்ல தெளிச்சி.

"இப்ப இறுக்கல. ஆனா கால் வரமாட்டேங்குது."

விளையாட்டு என்று நினைத்து மனைவி சிரித்தாள். "வா, பல் தேய்க்கணும்," என்று கையைப் பிடித்தாள். கால் நகரவில்லை. சிரிப்பு நின்றது. அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்தாள்.

"தூக்காத!" என்று அவன் கத்தினான்.

"புள்ளைக்கு என்னமோ ஆகுது, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க! வந்து பிடிங்க!"

"விட்டுடு... அறுந்துடும்..."

"எதுங்க?"

அவள் இழுத்தாள். பால்கனியில், மண்ணுக்கடியில், ஏதோ தெறித்தது. பட். மெல்லிய சத்தம். பட். பட்.

மகள் அழவில்லை. முகத்தை மெதுவாக, மிக மெதுவாக, ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

மனைவி இன்னும் இழுத்தாள். குழந்தை ஒரு விரற்கடை உயர்ந்தாள்.

பாதங்கள் உயரவில்லை.