மேல ஆள் இருக்கு

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியாது, கண்ணுங்களா. இது நடந்தது பட்டப்பகலில், நிழலெல்லாம் காலுக்கடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும் உச்சிவேளையில். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்றைக்குப் பழைய டிவிக்குக் கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பழைய ஒளிபரப்பை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் டிஜிட்டல் பாக்ஸ் மாட்டிய வீட்டில்தான் படம். மாட்டாத வீட்டில் புள்ளியும் இரைச்சலும்தான். மூன்று மாதமாக வீடு வீடாகப் போய் அந்தப் பாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தவளை எல்லோரும் டப்பாக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவள் பட்டியலில் கடைசியாக ஒரு வீடு. அதன் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே மூன்று தடவை எழுதியிருந்தது: ‘பூட்டியிருந்தது.’

உண்மையில் அவள் அந்த வீட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சாலையிலிருந்து அறுபது எழுபது படி இறங்கிப் பள்ளத்துக்குள் போக வேண்டும். திரும்ப ஏற வேண்டும். முட்டி வலிக்காரி என்ன செய்வாள்? எழுதிவிட்டுப் போய்விட்டாள். இப்படி எழுதித் தள்ளிய வீடுகள் இதைச் சேர்க்காமல் இன்னும் பத்தொன்பது.

அன்று காலை அந்தக் கடைசி வீட்டு அம்மா அலுவலகத்துக்கே வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். “ஆள் இருக்கிற வீட்டை எப்படிம்மா மூணு தடவை பூட்டின?” என்று மேற்பார்வையாளர் கேட்டபோது டப்பாக்காரிக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. எப்போதும் கூட வரும் நெட்டையனுக்கு அன்று பார்த்துக் கால் சுளுக்கு.

“ஒத்தக்கால்ல வேணா வரட்டுமாக்கா?” என்றான் போனில்.

“வா. ஆன்டெனாவுக்குப் பதிலா உன்னையே மேல நட்டு வெச்சிடறேன்.”

“தனியாப் போறியேக்கா. மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு வேணாமா?”

அவர்கள் தொழிலில் அதுதான் சட்டம். ஒருவர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்புவார். இன்னொருவர் கீழே டிவியைப் பார்த்துக்கொண்டு குரல் கொடுப்பார். மேலே இருப்பவர் அந்த ஒரு குரலைத்தான் கேட்க வேண்டும். நாலு பேர் நாலு பக்கம் கத்தினால் கால் தடுமாறும். திருப்பச் சொன்ன குரல்தான் இறங்கவும் சொல்ல வேண்டும். அதுவரை மேலே இருப்பவர் இறங்கமாட்டார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தில் அந்த வீடு தனியாக இருந்தது. ஒரே தளம், மேலே மொட்டைமாடி. ஓரத்தில் ஆன்டெனா, தின்று முடித்த மீன்முள் போல வானத்தில் குத்தி நின்றது. மாடிக்கு வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படி. அதில் மேல்பாதி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதியை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். ‘இதுல காக்காகூட யோசிச்சுத்தான் ஏறும்’ என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். கழுத்தில் அளவு நாடா. தையல்காரி.

“வந்துட்டியாம்மா! பன்னெண்டுக்குள்ள படம் வந்துடுமா?”

“வந்துடும்மா. ஏன் இப்படிப் பதறுறீங்க? டிவிதானே?”

தையல்கார அம்மா கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

உள்ளே தையல் மெஷின் எண்ணெய் வாசனை. அதற்கடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. மழையில் நனைந்த துரு. வெளியே மழை பெய்து மாதமாகியிருந்தது. பழைய டிவியில் மனிதர்கள் புள்ளிக்கூட்டத்துக்குள் அசைந்துகொண்டிருந்தார்கள். ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் அறை முழுக்க நிறைந்திருந்தது.

டப்பாக்காரி ஒயரை மாட்டி, பாக்ஸை வைத்து, பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது. ‘சிக்னல் இல்லை.’

“பழைய டிவி மாதிரி அரைகுறையா இதுல வராதும்மா. வந்தா முழுசா வரும், இல்லேன்னா ஒன்னுமே இல்ல. சிக்னல் அளவு அறுபதாவது காட்டணும். ஆன்டெனாவைத் திருப்பணும். ஏணி இருந்தா குடுங்க, நான் ஏறுறேன். நீங்க கீழயிருந்து சொல்லுங்க.”

“நான் சொல்லமாட்டேன்!” அந்த அம்மாவின் கை அளவு நாடாவை இறுக்கிப் பிடித்தது. “என் வாயால இனிமே அதைச் சொல்லமாட்டேன். நீ கீழயே இரு. நீயே சொல்லு.”

“அப்ப மேல யாரு?”

“மேல ஆள் இருக்கு.”

சொந்தக்காரர் யாராவது இருக்கும் என்று டப்பாக்காரி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கூரைக்கு மேலே ஒரு கால் நகர்ந்தது. நல்ல கணீர்க் குரல்.

“தெரியுதா?”

பழகிய வாய் தானாகப் பதில் சொன்னது. “இன்னும் இல்லண்ணே! கொஞ்சம் வலது பக்கம்!”

கிறீச்சென்று இரும்பு திரும்பியது. திரையில் இருபது. முப்பத்தைந்து.

“தெரியுதா?”

“வருதுண்ணே! அப்படியே! இன்னும் கொஞ்சம்!”

நாற்பத்தெட்டு. சொன்ன சொல்லுக்குச் சரியாகத் திருப்பும் ஆள். நெட்டையனைவிடத் தேவலை என்று அவளுக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினாள். தையல்கார அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் முழங்கையில் வழிந்தது.

அப்போதுதான் அந்தப் பாதிப் படி ஞாபகம் வந்தது.

வீட்டைச் சுற்றி வேறு வழி இல்லை. ஏணி இல்லை. பக்கத்தில் வீடே இல்லை.

“அம்மா… மேல எப்படி ஏறினாரு?”

“ஏறலம்மா,” என்றாள் அவள் மெதுவாக. “இன்னும் இறங்கல.”

அந்த அம்மாவின் புருஷன் பஸ் கண்டக்டர். “பஸ்ல அவரு விசில் அடிச்சா வண்டி நகரும். வீட்டுல நான் சொன்னாத்தான் அவரு நகருவாரு” என்று துணி தைக்க வருபவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாளாம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். டிவி சீரியல் ஒன்றின் கடைசி நாள். படம் தெளிவாக வரவில்லை. அவர் ஏறினார். இவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம். மாடியின் அந்தப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது.

“அவரு போனது அவருக்கே தெரியலம்மா. அன்னையிலேருந்து இங்க படம் தெளிஞ்சதே இல்ல, அவரும் தெனம் கேப்பாரு. தெரியுதுங்க, இறங்கி வாங்கன்னு பொய்யாச் சொல்லிப் பாத்துட்டேன். ‘பொய் சொல்லாத, இரைச்சல் இங்க கேக்குது’ன்னு சொல்றாரு. நிஜமாப் படம் வந்தாத்தான் இறங்குவாரு. பன்னெண்டுக்கு மேல உன் பாக்ஸ் இல்லேன்னா இந்த வீட்டுல படமே கிடையாது. வராத படத்துக்காக அவரு காலம்பூரா வெயில்ல நின்னு திருப்பிக்கிட்டே இருக்கணுமா? அதுக்குத்தான்மா உன்னை மூணு மாசமா ஜன்னல்ல உக்காந்து எதிர்பார்த்தேன்.”

‘பூட்டியிருந்தது’ என்று எழுதிய பட்டியலை டப்பாக்காரி பையின் அடியில் தள்ளினாள்.

மேலே கால் நகர்ந்தது.

“தெரியுதா?”

திரையில் ஐம்பத்தெட்டு. மணி பதினொன்று ஐம்பத்தாறு.

இன்னும் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். ஆன்டெனா திரும்ப வேண்டியது அந்தப் பக்கம். சுவர் இல்லாத பக்கம்.

“சொல்லும்மா,” என்றாள் தையல்கார அம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

“இன்னும்… கொஞ்சம்… அந்தப் பக்கம்ணே.”

ஒரு காலடி.

இன்னொரு காலடி.

மூன்றாவது காலடி கேட்கவில்லை.

விழும் சத்தமும் இல்லை. அறுபது, அறுபத்துமூன்று. பாக்ஸ் ஒரு தடவை கண் சிமிட்டியது. திரை நிறையப் படம். கழுவித் துடைத்த கண்ணாடி போல. பதினேழு வருஷத்தில் அந்த வீட்டில் முதல் தடவையாகப் புள்ளி இல்லாத படம்.

தையல்கார அம்மா துள்ளி எழுந்தாள். கூரையைப் பார்த்துக் கத்தினாள். “தெரியுதுங்க! நிஜமாவே தெரியுது! இறங்கி வாங்க!”

இரும்புப் படி அசையவில்லை.

“போதுங்க! இறங்கி வாங்க!”

பிறகு, சற்றே களைத்த குரலில், மேலேயிருந்து: “தெரியுதா?”

அந்த அம்மா மெல்லத் திரும்பினாள். அவள் முகத்தை என்னால் சொல்லி முடியாது, கண்ணுங்களா. பதினேழு வருஷம் காத்திருந்த பஸ் நிற்காமல் போனால் ஒரு முகம் எப்படி ஆகும்?

“இப்ப உன் குரலைத்தான் கேக்குறாரு. நீதானே திருப்பச் சொன்ன? நீ சொல்லும்மா. ரெண்டே வார்த்தை.”

டப்பாக்காரி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே இரும்புப் படி கிறீச்சிட்டது. மேல்படியில் யாரோ ஒரு காலை வைத்துக்கொண்டு, அடுத்த காலை வைக்க அனுமதி கேட்டு நிற்பது போல. துரு வாசனை மூக்கை அடைத்தது. கூப்பிட்டால் யாரிடம் வருவார்? கூப்பிட்டவளிடம்தானே?

திறந்த வாயை மூடிக்கொண்டாள். பையை எடுத்தாள். ஓடினாள்.

“ஒரே ஒரு வார்த்தைம்மா!” என்ற குரல் அத்தனை படிக்கும் பின்னாலேயே வந்தது. முட்டி வலி அன்று அவளுக்கு நினைவே வரவில்லை.

அவள் குடியிருந்தது எட்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. மேலே மொட்டைமாடி இல்லை, இன்னொரு குடும்பம்தான் இருந்தது. மறுநாள் காலை காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது கூரைக்கு மேலேயிருந்து கணீரென்று கேட்டது.

“தெரியுதா?”

டம்ளர் கீழே விழுந்தது.

“மேல வீட்டுக்காரங்க என்னமோ கேக்குறாங்க, பதில் சொல்லேன்” என்றார் அவள் புருஷன், பேப்பரை மடக்காமலேயே.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். “தெரியுதுண்ணே. இறங்கி வாங்க.”

“பொய் சொல்லாதம்மா. இரைச்சல் கேக்குது.”

அவள் வீட்டு டிவியில் படம் தெளிவாகத்தான் இருந்தது. எந்த இரைச்சல்? யோசித்து யோசித்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. பூட்டியிருந்தது. பூட்டியிருந்தது. பத்தொன்பது வீடு. பத்தொன்பது வீட்டிலும் நேற்றுப் பகலிலிருந்து டிவி வெறுமனே இரைந்துகொண்டிருக்கும்.

அப்புறம் அவள் வேலை செய்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை. சுளுக்குக் காலோடு நெட்டையனையும் இழுத்துக்கொண்டு போனாள். அவனை மட்டும் எந்த மாடியிலும் ஏறவிடவில்லை. அவளே ஏறினாள், அவனைக் கீழே நிறுத்தினாள். “உனக்கு என்னக்கா ஆச்சு? பேயடிச்ச மாதிரி இருக்க” என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் விழுந்துகொண்டிருந்தது.

பத்தொன்பதாவது வீடு முடிந்த அன்று தையல்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“படம் பளிச்சுன்னு இருக்கும்மா. மேலதான் ஒரு சத்தமும் இல்ல. வீடே வெறிச்சுன்னு கெடக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவரு உன்கூட வந்துட்டாரா?”

“கூட்டிட்டு வரேன்மா,” என்றாள் டப்பாக்காரி. அழுகை வந்துவிட்டது.

மறுபடியும் உச்சிவேளை. மறுபடியும் அந்த அறை. டிவியில் கண்ணாடி போலப் படம். இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். மேலே கால் நகர்ந்தது.

“தெரியுதா?”

“தெரியுதுண்ணே. எல்லா வீட்டுலயும் தெரியுது. இந்தத் தடவை பொய் இல்ல. உங்க வீட்டம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. இறங்கி வாங்க.”

பிறகு மேல்படி கிறீச்சிட்டது. அடுத்த படி. அதற்கடுத்த படி. தையல்கார அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

காலடி பாதிப் படியில் நின்றது. இரும்பு முடிந்துபோன இடத்தில்.

“பொய் சொல்லாதம்மா,” என்றது குரல். கோபமில்லை. அலுப்புத்தான். “இன்னும் ஒரு இரைச்சல் கேக்குது. இந்த வீட்டுக்குள்ளதான்.”

காலடிகள் திரும்ப மேலே ஏறின.

டப்பாக்காரி எல்லாவற்றின் ஒயரையும் பிடுங்கினாள். டிவி, மின்விசிறி, மெஷின் விளக்கு. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

“விடும்மா,” என்றாள் தையல்கார அம்மா. கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையால் காதைத் தொட்டுக் காட்டினாள். “அவரு விழுந்த அன்னைக்கு ஆரம்பிச்சது. ஸ்ஸ்ஸுன்னு. பதினேழு வருஷமா நின்னதே இல்ல. நான் அது டிவின்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

டப்பாக்காரி அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். சாயங்காலம் வரை அப்படியே இருந்துவிட்டு, ஒவ்வொரு படியாக ஏறிச் சாலைக்கு வந்தாள். வண்டிகள், ஹாரன்கள், யாரோ யாரையோ திட்டும் குரல். அந்தச் சந்தடிக்குள் ஏதோ ஒன்று மெல்ல உறுத்தியது. நின்று இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

சாலைச் சத்தம் அடங்கியது.

ஸ்ஸ்ஸ் என்பது மட்டும் அடங்கவில்லை.

தலைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத வெறும் வானத்திலிருந்து, யாரோ பொறுமையாகக் கேட்டார்கள்.

“தெரியுதா?”