சொட்டு நின்ற வீடு

குளியலறைக் குழாய் சொட்டவில்லை.

கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, கீழ்வீட்டிலிருந்து அழைத்து வந்த மகளின் செருப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த வாடகை வீட்டில் முதலில் வாய் திறப்பது குழாய்தான்; கதவைத் தள்ளியதுமே, இருட்டுக்குள் யாரோ முன்பே வந்து உட்கார்ந்திருப்பதுபோல், பிளாஸ்டிக் வாளியின் அடியில் ஒரு சொட்டு விழும்; சற்றுப் பொறுத்து இன்னொன்று விழும். விழுந்த பல்லின் இடத்தை நாக்குத் துழாவுவதுபோல் அவள் காது இப்போது அந்தச் சொட்டைத் துழாவியது. கிடைக்கவில்லை.

விளக்கைப் போட்டுப் பார்த்தாள். வாளி காய்ந்து கிடந்தது. குழாய் சுவரோடு சேருமிடத்தில் நெடுநாளாகப் பெயர்ந்திருந்த பூச்சு, புதிதாகப் பூசப்பட்டிருந்தது. கொத்தனாரின் கரணை திரும்பிய வளைவுகூடத் தெரிந்தது. ஈரச் சுண்ணாம்பின் மணம் தொண்டையில் ஒட்டியது. நல்ல வேலை, ஒரு பிசிறு இல்லை. ஆனால் வீட்டுச் சாவி பகல் முழுவதும் அவள் கைப்பையில்தான் இருந்தது.

வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். முன்கூட்டிச் சொல்லாமல் குடியிருப்பவர் வீட்டுக்குள் ஆள் அனுப்பக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும், தலைகீழாக நின்றும் நடக்காத ஒன்று நடந்திருக்கிறது. அதைப் போய்க் குற்றம் சொல்வானேன்?

குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை அந்நியர்களின் எரிச்சலைக் கேட்டு, அதற்கு ஒழுங்கான உருவம் கொடுப்பதுதான் அவள் தொழில். எது பழுது, எங்கே, எப்போதிலிருந்து, என்ன ஆக வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், அனுப்பப்படும் ஆள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று பயிற்சியின்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாளடைவில் அது அவள் நாவிலேயே ஊறிவிட்டது. வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் பேசினாள். “குழாய் சார், குளியலறையில, மழை பிடிச்சதுலேர்ந்து. சொட்டுறது நிக்கணும்.”

அந்த வீட்டில் தொலைபேசியில் தெளிவாகப் பேச ஓர் இடம்தான் உண்டு. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள குறுகிய நடையில், சுவரோரமாகத் தலையைச் சாய்த்தால்தான் குரல் விட்டுவிட்டுக் கேட்காது. ஓதம் ஏறியிருந்ததும் அந்தச் சுவர்தான். நனைத்த கம்பளிபோல் கறுத்து, உப்புப் பூத்து, தரையிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, இப்போது அவள் உதடுகளின் உயரத்துக்கு வந்திருந்தது. அதன் குளிர்ந்த மூச்சில்தான் மகளுக்கு இருமல் பிடித்தது. மருத்துவர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். “இந்த ஈரத்துலயே வெச்சிருந்தீங்கன்னா நெஞ்சுல எறங்கிடும்மா. சுவரைச் சரி பண்ணுங்க, இல்ல வீட்டை மாத்துங்க.”

நன்றி சொல்ல அழைத்தபோது வீட்டுக்காரர் “அப்படியா...” என்று இழுத்தார். பிறகு கனைத்துக்கொண்டார். “சொன்னா செய்யறவன்மா நான்.”

“அந்தச் சுவரையும் பாத்துட்டீங்கன்னா...”

“பாத்துக்கலாம், பாத்துக்கலாம்.”

“அப்புறம், குளியலறைச் சாக்கடை சார். நாலு நாளா நாத்தம் தாங்கல. அது நிக்கணும்.”

மறுநாள் மாலை நாற்றம் இல்லை. சாக்கடையும் இல்லை. இரும்பு வலை இருந்த மூலையில் தரை ஒரே தளமாக, வழவழப்பாக, இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. காலால் தேய்த்துப் பார்த்தாள். குனிந்து விரலால் தடவினாள். துளை எங்கே இருந்தது என்பதற்கு அடையாளமே கிடைக்கவில்லை. அரைகுறைக் கொத்தனாரை அனுப்பித் தொலைத்திருக்கிறார் என்று எரிச்சல் வந்தது. கை கழுவக் குழாயைத் திருகினாள். திருகு சுழன்றது. தண்ணீர் வரவில்லை. குழாயின் வாய்க்குள் விரலை விடப் பார்த்தாள்.

விடமுடியவில்லை. வாயே இல்லை. உலோகம் வழுவழுவென்று மூடிக்கிடந்தது.

கீழ்வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னபோது அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “அவரா? ஆள் அனுப்பினாரா? என் கூரை ஒழுகுதுன்னு சொன்னதுக்கு, குடை இருக்கில்லன்னு கேட்ட மனுஷன்மா அவரு.”

“சுவரு, கூரை, குழாய், சாக்கடை எல்லாம் அவர் பொறுப்புதானே அக்கா. பல்பும் பூட்டும் நாம ஒடச்சதும்தான் நம்ம பொறுப்பு.”

“சட்டத்துக்கு அது தெரியும். அவருக்குத் தெரியணுமே.” பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். “ஆமா, எப்ப வந்தாங்க? பகல் பூரா உன் பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டுப் படிக்கட்டுக்கு எதிர்லதானே உக்காந்திருந்தேன். ஒருத்தரும் மேல ஏறலையே.”

“நீங்க அசந்திருப்பீங்க.”

“உன் பொண்ணு இருமற இருமலுக்கு எவளாலே அசர முடியும்?”

அன்றே வீட்டுக்காரரை அழைத்துக் கேட்டிருக்கலாம். யாரை அனுப்புகிறீர்கள், எந்த வழியாக வருகிறார்கள் என்று இரண்டு வார்த்தை. அவள் கேட்கவில்லை. குடியிருப்பவர்களுக்கே உரிய ஓர் அச்சம் அது. கேட்டால் கோபித்துக்கொள்வார், நடக்கிற வேலையும் நின்றுவிடும், சுவர் அப்படியே கிடக்கும், குழந்தையின் நெஞ்சில் சளி கட்டும். சமையலறையில் ஒரு குழாய் இருக்கிறது, அது போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்று படுக்கையில் மகள் கதை கேட்டாள். வாடகை வீட்டு நண்டின் கதையைச் சொன்னாள். சொந்த ஓடு இல்லாத நண்டு ஒன்று, செத்த சங்கொன்றுக்குள் குடிபோனது. காற்று வருகிறது என்று சங்கிடம் குறைபட்டது. சங்கு இரக்கப்பட்டு ஒரு துளையை அடைத்தது. அலைச் சத்தம் கேட்கிறது என்றது. சங்கு இன்னொரு துளையையும் அடைத்தது.

“எல்லாத்தையும் அடைச்சிட்டா நண்டு எப்படிம்மா வெளிய வரும்?”

கதை அப்படிப் போகும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. “தூங்கு” என்றாள். மகள் இருமினாள். உள்ளறை ஜன்னல் காற்றில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. “சே, இந்தச் சத்தம் நின்னாத் தேவலை” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

சொன்ன பிறகுதான் கவனித்தாள். நடைச் சுவரின் ஓதம், கதவு நிலையைத் தாண்டி, உள்ளறைச் சுவருக்கும் வந்திருந்தது.

காலையில் ஜன்னல் சத்தமில்லாமல் இருந்தது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கோடுகூட இல்லை. கொக்கியை இழுத்தாள், கொக்கி சுவரின் ஒரு புடைப்பாக இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மழை ஓசையின்றிப் பெய்துகொண்டிருந்தது.

குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு கீழே போய்விட வேண்டும் என்று உடம்பு சொன்னது. புத்தி, கணக்குப் பார்த்தது. எங்கே போவது? வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் வரும் வரை யார் வீட்டில் நிற்பது? கொத்தனார் பூசிவிட்டுப் போன ஜன்னலுக்குப் பயந்து வீட்டைக் காலி செய்தேன் என்று சொன்னால் சிரிக்கமாட்டார்களா? மாலைக்குள் ஒரு முடிவு கட்டிவிடுவது என்று வேலைக்குப் போனாள்.

மாலையில் மகளுக்கு உடம்பு கொதித்தது. உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்தாள். இருமல் ஒவ்வொன்றும் அந்தச் சின்ன முதுகை வில்லாக வளைத்தது. அவள் நடைக்கு வந்து, சுவரில் தலையைச் சாய்த்து, வீட்டுக்காரரை அழைத்தாள். கன்னத்தில் ஈரம் சில்லென்று பட்டது.

“சார், இதான் கடைசி தடவை. சுவரைச் சரி பண்ணுங்க.”

“அது மழை ஈரம்மா. வெயில் வந்தா தானா காஞ்சிடும். ஜன்னலைத் தெறந்து வெச்சு...”

“ஜன்னலைத் தெறக்க முடியல. நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, நான் முழுசா சொல்லிடறேன்.” அவள் குரல் தானாகவே அலுவலகக் குரலாக மாறியது, நிறுத்தி, தெளிவாக, ஒவ்வொன்றாக. “என் பொண்ணோட இருமல். இந்த வீட்டுல, உள்ளறையில. மழை பிடிச்சதுலேர்ந்து. உங்க சுவரால வந்தது, அதனால அதுவும் உங்க பொறுப்புதான். அது நிக்கணும்.”



“ஏம்மா,” என்றார் வீட்டுக்காரர், குரல் இறங்கி, “ஜன்னலை ஏன் தெறக்க முடியல?”

“உங்க ஆள்தான் பூசிட்டுப் போயிருக்காரே. குழாய்க்கும் சாக்கடைக்கும் வந்த அதே ஆள்.”

“நான் யாரையும் அனுப்பலம்மா.”

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அன்னிக்கு நீங்க தேங்க்ஸ் சொன்னப்பவே திகைச்சுட்டேன். நீங்களா ஆள் வெச்சு செஞ்சுக்கிட்டு என்னைக் குத்திக் காட்டறீங்களோன்னு நெனச்சேன். அதான் ஒண்ணும் கேட்டுக்கல. மாத்துச் சாவிகூட எங்கிட்ட இல்லம்மா, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க தொலைச்சிட்டாங்க.”

தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். தலையைச் சுவரிலிருந்து விலக்கினாள். கூந்தலின் சில இழைகள் வரவில்லை. புதுப் பூச்சில் பதிந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் உதடுகள் இருந்த இடத்துக்கு நேர் எதிரே சுவர் நனைந்து, கறுத்து, லேசாக விம்மித் தாழ்ந்தது. யாருடைய புகாரையோ குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டு முடித்த ஒருவரைப்போல.

இழைகளைப் பிய்த்துக்கொண்டாள். வலி தெரியவில்லை.

“வேணாம்,” என்றாள் சுவரிடம். “அதைத் திரும்ப எடுத்துக்கறேன். அந்தப் புகார் வேணாம்.”

உள்ளறையில் மகள் இருமத் தொடங்கினாள்.

பாதி இருமல்.

மீதி வரவில்லை.

அதன் இடத்தில் வேறோர் ஓசை. மிக மெதுவாக. ஈரக் கலவையை வழித்தெடுத்து, அழுத்தி, நிதானமாக இழுக்கும் ஓசை. மறுபடியும் ஒரு முறை. அவசரமே இல்லாத கை.

ஓடினாள். நான்கடி நடை. நீண்டுகொண்டே போனது. கதவு திறந்தது. ஈரச் சுண்ணாம்பின் மணம் முகத்தில் அறைந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை.

மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுவர்ப்பக்கம். முதுகு நிமிர்ந்து, அசையாமல், ஒரு குலுக்கல்கூட இல்லாமல்.

“பாப்பா.”

திரும்பினாள்.

மூக்குக்குக் கீழே தொடங்கி முகவாய் வரை ஒரே தளம். வெள்ளையாக, வழவழப்பாக. இன்னும் காயவில்லை. வலக் கன்னத்தருகே மட்டும் கரணை திரும்பிய சின்ன வளைவு. அதற்கு மேலே இரண்டு கண்கள், அம்மாவிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருப்பதுபோல் அகல விரிந்து. அந்த வெள்ளைத் தளத்தின்மேல் பிஞ்சு விரல்கள் இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக, வாய் எங்கே இருந்தது என்று தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தன.